கோசியின் இரு கரைகளுக்கு நடுவே...

புது தில்லி: கோசி நதியை "பிகாரின் துயரம்" என்று குறிப்பிடுவது தில்லி அரசியல் வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். துயரத்துக்கு நதியே காரணம் என்று சொல்லிவிட்டால் வேறு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

2008 ஆகஸ்ட் 18-ம் தேதி நேபாளத்தின் குசஹா என்ற இடத்தில் கோசியின் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் ஓடியது வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கன அடி நீர். 9.5 லட்சம் கன அடியைத் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டப்பட்ட கரை அது. ஆறில் ஒரு பங்கு நீருக்கே கரை பெயர்ந்ததென்றால் குற்றம் நதியுடையதா, பராமரிப்புடையதா?

1954 ஏப்ரலில் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட கோசி ஒப்பந்தப்படி, நேபாள எல்லைக்குள் இருக்கும் தடுப்பணையையும் கரைகளையும் பராமரிக்கும் பொறுப்பு இந்தியாவுடையது. களத்தில் அப்பணியைச் செய்வது பிகார் அரசின் நீர்வளத் துறை. உடைப்புக்குப் பிறகு பாட்னாவும் தில்லியும் காத்மாண்டுவும் ஒன்றையொன்று கைகாட்டின. அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் வெள்ளப் பகுதிகளை விமானத்திலிருந்து பார்வையிட்டு, இதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்து, ரூ.1,000 கோடி உதவி வழங்கினார். நீதிபதி ராஜேஷ் பாலியா தலைமையிலான விசாரணை ஆணையத்தின் அறிக்கை வெளிவர 2014 ஆகிவிட்டது.

அந்த வெள்ளம் அத்தனை கொடியதானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரையை உடைத்த நதி, தான் எப்போதோ விட்டு விலகிய பழைய தடங்களில் இறங்கி ஓடியது. சுபௌல், மாதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கரைக்கு வெளியே, "பாதுகாக்கப்பட்ட" பகுதியில் வாழ்ந்தவர்கள். அரை நூற்றாண்டாக கோசி அவர்கள் ஊருக்குள் வந்ததில்லை. எனவே வீட்டில் படகில்லை. மேட்டில் தானியம் சேமிக்கும் பழக்கமில்லை. எந்தத் திசையில் ஓடினால் மேடு என்று சொல்லத் தெரிந்த முதியவர்களும் குறைந்துவிட்டனர். கரை அவர்களுக்கு அளித்த நிம்மதியே, வெள்ளத்தோடு வாழும் கலையை மறக்கச் செய்திருந்தது.

அந்தக் கலையை இன்றும் மறக்க முடியாதவர்கள் கரைகளுக்கு உள்ளே இருக்கிறார்கள். 1955-ல் கரை கட்டும் பணி தொடங்கியபோது, இரு கரைகளுக்கும் இடையே பல கிலோமீட்டர் அகலம் விடப்பட்டது. அந்த இடைவெளியில் சிக்கியவை 380 கிராமங்கள். இன்று அவற்றில் வாழ்வோர் ஏறத்தாழ 10 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. மறுவாழ்வு என்ற பெயரில் கரைக்கு வெளியே வீட்டுமனை தருவதாகச் சொல்லப்பட்டது. விளைநிலத்துக்கு மாற்று நிலம் இல்லை. மனைகளில் பல நீர் தேங்கும் பள்ளங்கள். வயல் உள்ளேயும் வீடு வெளியேயும் எத்தனை நாள் பிழைப்பது? பலர் உள்ளேயே திரும்பிவிட்டனர்.

அங்கே வீடு என்பது மூங்கிலும் கூரைப் புல்லும்தான். நதி நெருங்கினால் வீட்டைப் பிரித்தெடுத்து, படகில் ஏற்றி, வேறு மேட்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். தண்ணீர் புகுந்தால் மூங்கில் பரண்மேல் குடும்பம். அடுப்பு எரியாத நாள்களில் அவலும் வறுத்த கடலை மாவும். கால்நடைகளைக் கரைமேல் ஏற்றிவிட்டு, பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் ஆண்கள் சஹர்சாவில் ரயிலேறி பஞ்சாபுக்கும் தில்லிக்கும் போகிறார்கள். லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2006-ல், நாட்டின் முதல் "கரீப் ரத்" ரயில் சஹர்சாவிலிருந்து அமிருதசரசுக்கு விடப்பட்டதில் வியப்பில்லை. கூலிக்குச் செல்வோரின் வழி அது.

இவர்களுக்காக 1987-ல் கோசி பாதிக்கப்பட்டோர் மேம்பாட்டு ஆணையம் ஒன்றை மாநில அரசு அமைத்தது. அதனால் தங்கள் வாழ்வு மாறவில்லை என்பது கிராமங்களின் குறை. மாறாக, கரைகள் மட்டும் வளர்ந்தன. பிகாரில் 1954-ல் 160 கிலோமீட்டராக இருந்த வெள்ளத் தடுப்புக் கரைகள் பின்னர் 3,400 கிலோமீட்டரைத் தாண்டின. அதே காலத்தில் வெள்ள அபாயமுள்ள நிலப்பரப்பு 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சம் ஹெக்டேராகப் பெருகியது. இமயத்திலிருந்து கோசி சுமந்துவரும் வண்டல், முன்பு சமவெளியெங்கும் பரவி வயலுக்கு உரமானது. இப்போது கரைகளுக்குள்ளேயே படிந்து ஆற்றுப் படுகையை ஆண்டுதோறும் உயர்த்துகிறது. வெளியே பெய்யும் மழைநீரோ ஆற்றில் சேர வழியின்றிக் கரையோரம் தேங்குகிறது.

2024 செப்டம்பர் இறுதியில் வீர்பூர் தடுப்பணையிலிருந்து 6.61 லட்சம் கன அடி நீர் வெளியேறியது. 56 ஆண்டுகளில் அதுவே அதிகம். தர்பங்கா மாவட்டத்தில் மேற்குக் கரை உடைந்தது. கரைகளுக்கு உள்ளே இருந்த கிராமங்களுக்கு, உடைப்பு வரை காத்திருக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ.6,282 கோடி மதிப்பிலான கோசி-மேச்சி இணைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வெள்ளக் கட்டுப்பாட்டுக்கும் இது உதவும் என்று அரசியல் மேடைகளில் பேசப்படுகிறது. திட்டப்படி கிழக்குப் பிரதானக் கால்வாயில் கூடுதலாகத் திருப்பப்படும் நீர் சுமார் 5,247 கன அடி. 2024-ல் வந்தது 6.61 லட்சம். பாசனத்துக்கு அது பயன்படலாம். பரண்மேல் உட்கார்ந்திருப்பவரின் காலடித் தண்ணீர் அதனால் ஓர் அங்குலமாவது குறையுமா என்பதே கரைகளுக்கு நடுவிலிருந்து எழும் கேள்வி.