எரிவாயு வண்டி யாருக்குக் கட்டுப்படியாகும்?

பங்க்கில் பெட்ரோலை லிட்டர் கணக்கிலும் சிஎன்ஜியைக் கிலோ கணக்கிலும் விற்கிறார்கள். இரண்டு விலையையும் அப்படியே ஒப்பிட்டு, “பெரிய வித்தியாசம் இல்லையே” என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குரிய எரிசக்தி இருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஒரு கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும், அதே காரின் சிஎன்ஜி வகை கிலோவுக்கு 27 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 100 ரூபாய், சிஎன்ஜி 80 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம். வாங்கும்போது 90,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், 45,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே போட்ட காசு திரும்பும். நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓடும் டாக்சிக்கு அது 300 நாள். அலுவலகத்துக்கு 20 கிலோமீட்டர் மட்டுமே போய்வரும் வீட்டுக் காருக்கு ஆறு வருஷத்துக்கு மேல்!

இந்தக் கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு: நேரம். சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன். வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்தும், டிக்கியை அடைத்துக்கொள்ளும் 60 லிட்டர் சிலிண்டரில் பத்து கிலோகூடப் பிடிப்பதில்லை. வேகமாக நிரப்பும்போது உள்ளே வாயு சூடாகிறது. எடை முழுதாக ஏறுமுன்பே அழுத்தமானியின் முள் உச்சத்தைத் தொட்டுவிடும். ஏறிய எடைக்குத்தான் காசு என்பதால் பணம் நஷ்டமில்லை. ஆனால் அடுத்த முறை பங்க்குக்குச் சீக்கிரமே வர வேண்டும். வண்டிகள் தொடர்ந்து வந்தால் பங்க்கின் சேமிப்பு அழுத்தமும் இறங்கி, வரிசை இன்னும் மெதுவாகும். ஆட்டோக்காரருக்கு வரிசையில் போகும் அரைமணி நேரம் கைநழுவிய ஒரு சவாரி.

டெல்லி இதை அனுபவித்தது. நகரப் பேருந்துகள் முழுவதும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; 2002 இறுதியில் அது நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் போதுமான பங்க் இல்லாமல் பேருந்துகளும் ஆட்டோக்களும் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. ஊருக்கெல்லாம் நல்ல காற்று கிடைக்க, அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்தது நியாயமில்லை. முதலில் பங்க், பிறகு உத்தரவு என்பதே சரியான வரிசை.

விலையும் நிலையானதல்ல. இந்தியா தனக்கு வேண்டிய எரிவாயுவில் ஏறக்குறையப் பாதியை இறக்குமதி செய்கிறது. 2021 தொடக்கத்தில் டெல்லியில் கிலோ 45 ரூபாய்க்குள் இருந்த சிஎன்ஜி, உக்ரைன் போருக்குப் பின், 2022 இறுதியில் 80 ரூபாயை நெருங்கியது. வாங்கப் போகிறவர்கள் இன்றைய விலையோடு, பத்து ரூபாய் ஏற்றியும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.