மிர்பூரிலிருந்து ஒரு பாதை, கம்பாலாவிலிருந்து ஒரு பாதை

பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2018-ஆம் ஆண்டு மணிக்கூலியைச் சமூகவாரியாகக் கணக்கிட்டது. இந்திய வம்சாவளியினர் எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவருக்கு மணிக்கு 13.47 பவுண்டு. பாகிஸ்தான் வம்சாவளியில் அதே இடத்தில் நிற்பவருக்கு 10 பவுண்டு. வெள்ளைப் பிரித்தானியருக்கு 12.03. ஆக, இந்தியர்கள் அந்த நாட்டுப் பெரும்பான்மையினரையே தாண்டி முன்னால் போயிருக்கிறார்கள், பாகிஸ்தானியர் பின்தங்கியிருக்கிறார்கள். சொந்த வீட்டுக் கணக்கை எடுத்தாலும் இதே கதைதான்: இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்குச் சொந்த வீடு, பாகிஸ்தானியக் குடும்பங்களில் பாதிக்குச் சற்று மேல்.

இதைப் படித்ததும் நம் வாயில் முதலில் வருவது என்ன? “அவங்க படிப்பாளிங்க, உழைப்பாளிங்க. இவங்க மதம் அப்படி.” டீக்கடையில் மட்டுமல்ல, படித்தவர்கள் வீட்டுக் கூடத்திலும் இதைத்தான் கேட்கிறேன். இந்தப் பேச்சு எனக்கு உவப்பாக இல்லை, அதைவிட முக்கியம், அது உண்மையும் இல்லை. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் உள்ள பாகிஸ்தானியர்களில் பெரும்பகுதியினர் லாகூர், கராச்சிக்காரர்கள் அல்ல. பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் தென்கோடியில் மிர்பூர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அவர்களின் வேர் அங்கேதான். மேடும் பள்ளமுமான மானாவாரி நிலம். மழை பொய்த்தால் சோறில்லை. அதனால் ஆண்கள் வெகுகாலமாகவே வெளியே போய்ப் பிழைத்தார்கள்: பட்டாளத்துக்கு, பிறகு பம்பாயிலிருந்து புறப்படும் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்கு. அப்படிப் போன சிலர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் தங்கிவிட்டார்கள். தம்பிக்கும் மைத்துனனுக்கும் கடிதம் போட்டு வரவழைக்க அந்தச் சிலர் போதும்.

இந்த நேரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜீலம் ஆற்றின் குறுக்கே மங்லா அணை எழுந்தது, 1967-இல் முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்தார்கள். பழைய மிர்பூர் ஊரே நீருக்கடியில் போயிற்று. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் அதன் பழைய கோயிலும் தர்காவும் இப்போதும் தலைகாட்டும். அப்படி நிலம் இழந்தவர்களில் பலர், கையில் வந்த இழப்பீட்டையும் வேலை அனுமதிச் சீட்டையும் கொண்டு பிரிட்டனுக்குப் போனார்கள்.

இன்னொரு காரியம் இங்கிலாந்தின் வடக்கே நடந்தது. பிராட்போர்டு, ஓல்டாம், ராச்டேல் போன்ற ஊர்களின் கம்பளி ஆலைகளும் பஞ்சாலைகளும் வெளிநாட்டுப் போட்டியில் திணறிக்கொண்டிருந்தன. புது இயந்திரம் வாங்கிப் போட்டார்கள். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் இயந்திரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டும். பெண்கள் இரவில் ஆலைவேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை. உள்ளூர் ஆண்கள் அந்தச் சம்பளத்துக்கு வரத் தயாராக இல்லை. இரவு ஷிஃப்ட் முழுவதும் மிர்பூர்க்காரர்கள் கைக்கு வந்தது இப்படித்தான்.

இந்த இரவு ஷிஃப்டில்தான் பாதிக் கதை இருக்கிறது, அதனால் சற்று நிற்கிறேன். ஊர்க்காரர்களே கூட வேலை செய்கிறார்கள், ஊர்க்காரரே மேஸ்திரிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறார். ஆங்கிலம் கற்க வேண்டிய தேவையே எழவில்லை. விடியும்போது வந்து, பகல் ஷிஃப்டுக்குப் போனவர் எழுந்த அதே கட்டிலில் படுத்துத் தூங்கினார்கள். அண்டை வீட்டு வெள்ளைக்காரர் விழித்திருக்கும் நேரத்தில் இவர்கள் உறக்கத்தில். சம்பளத்தில் பெரும்பங்கு ஊருக்குப் போயிற்று. சில வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, தன் இடத்துக்குத் தம்பியை அனுப்புவதுதான் எண்ணம்.

1962-இல் பிரிட்டன் காமன்வெல்த் நாட்டவருக்குக் கதவைப் பாதி சாத்தியது. வருவதைக் குறைக்கத்தான் அந்தச் சட்டம். நடந்தது வேறு. ஒருமுறை வெளியே போனால் மீண்டும் உள்ளே வர முடியுமோ என்ற பயத்தில், போய்வந்துகொண்டிருந்தவர்கள் தங்கிவிட்டார்கள். முதலில் மகனை அழைத்தார்கள். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் பெருமளவில் வந்து சேர்ந்தது 1970-களில்தான். அந்தத் தாய்மார்களில் பலர் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள். அவர்கள் வந்திறங்கிய நேரத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. பிராட்போர்டின் பெருமையாக இருந்த மேனிங்காம் ஆலை 1992-இல் கடைசியாகக் கதவைச் சாத்தியது. நாற்பதைத் தாண்டிய ஆண்கள், ஆங்கிலமும் வேறு கைத்தொழிலும் இல்லாமல் தெருவில் நின்றார்கள். டாக்சியும் சின்னச் சாப்பாட்டுக் கடையும்தான் அவர்களுக்குக் கிடைத்த வழி.

இப்போது உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு வருவோம். 1972 ஆகஸ்டில் அந்த நாட்டு அதிபர் இடி அமீன் தன் நாட்டு ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்றார். 27,000-க்கும் மேற்பட்டவர்கள் பிரிட்டன் வந்தார்கள். கடை, வீடு, வங்கிப் பணம் எல்லாம் அங்கேயே போய்விட்டது. ஒரு குடும்பம் ஐம்பது பவுண்டு சொச்சம்தான் கையோடு எடுத்துவர முடிந்தது. கென்யாவிலிருந்து இன்னொரு கூட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. பெரும்பாலும் குஜராத்திகள், கொஞ்சம் பஞ்சாபிகள்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகராட்சி அப்போது செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடும் இல்லை, பள்ளியில் இடமும் இல்லை, இங்கே வராதீர்கள் என்று உகாண்டா செய்தித்தாளில் காசு கொடுத்து விளம்பரம் போட்டது. அப்படியும் வந்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கில் லெஸ்டரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்திய வம்சாவளி. பெல்கிரேவ் சாலையில் புடவைக் கடையும் நகைக்கடையும் வரிசைகட்டி நிற்கின்றன. தீபாவளிக்கு அந்தச் சாலையில் கூடுகிற கூட்டத்தை நகராட்சி இன்று தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

வெறுங்கையோடு வந்தவர்கள் எப்படி எழுந்தார்கள்? வெறுங்கை என்பது பணத்தில் மட்டும்தான். இவர்கள் காலனி ஆட்சியின் நடுத்தட்டில் இருந்தவர்கள். கடைக் கணக்கு, பஞ்சு அரவை, அரசு அலுவலகம், பள்ளிக்கூட ஆசிரியர் வேலை. ஆங்கில வழிப் பள்ளியில் படித்திருந்தார்கள்; உரிமம், வரி, வங்கிக் கடன் என்றால் என்ன என்று தெரிந்துவைத்திருந்தார்கள். கணவன், மனைவி, பாட்டி, பிள்ளைகள் என முழுக் குடும்பமும் ஒரே விமானத்தில் வந்தது. திரும்பிப் போக ஊரில்லை, பணம் அனுப்பவும் அங்கே யாருமில்லை. சம்பாதித்தது முழுவதும் பிரிட்டனிலேயே கடையாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியது. பெண்களும் முதல் மாதத்திலிருந்தே பின்னலாடை ஆலைக்கும் காலணி ஆலைக்கும் போனார்கள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஆசிரியராகவும் கணக்கராகவும் இருந்தவர்கள் இயந்திரத்தின் முன் நின்றார்கள். லெஸ்டரின் இம்பீரியல் டைப்ரைட்டர் ஆலையில் 1974-இல் ஆசியத் தொழிலாளர்கள் சம அளவு போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். லண்டனின் கிரன்விக் புகைப்பட ஆலையில் 1976 முதல் இரண்டு வருடம் நடந்த போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் தான்சானியாவிலிருந்து வந்த ஜெயாபென் தேசாய். புடவையில், சின்ன உருவத்தில், ஆலை வாசலில் அவர் நின்ற படங்கள் அந்த நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டன. அமைதியான, ஒத்துப்போகிற, “நல்ல” குடியேறிகள் என்று இந்தச் சமூகத்துக்கு இன்று கிடைக்கும் பாராட்டில் இந்தப் பெண்கள் காணாமல் போகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

“சரி, ஒருபக்கம் நகரத்து வியாபாரி, மறுபக்கம் மலையடிவார விவசாயி. எப்படி ஒப்பிட முடியும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மானிடவியலாளர் ரோஜர் பல்லார்டு 1983-இல் இன்னும் நெருக்கமான ஒப்பீடு ஒன்றைச் செய்தார்: இந்தியப் பஞ்சாபின் ஜலந்தர் பகுதிச் சீக்கியர்களும் மிர்பூர் முஸ்லிம்களும். இருவரும் கிராமத்து விவசாயிகள், இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆலைவேலைக்கு வந்தவர்கள். ஆனால் ஜலந்தர் பாசன வசதியுள்ள வளமான பூமி. அங்கிருந்து வந்தவர்களிடம் கொஞ்சம் கூடுதல் படிப்பும் கைத்தொழிலும் இருந்தன. சீக்கியப் பெண்கள் சில வருடம் முன்பே வந்து சேர்ந்ததால் அவர்கள் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் சிறுவயதிலேயே சேர்ந்துவிட்டார்கள். பதினான்கு வயதில் வந்த மிர்பூர்ப் பையனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓரிரு வருடம் பள்ளியில் திணறிவிட்டு அப்பாவின் ஆலைக்கே போனான்.

கல்யாண முறையையும் பல்லார்டு கவனித்தார். இது நமக்குச் சட்டென்று புரியும். சீக்கியர்கள் தாத்தா பாட்டி நால்வரின் குலங்களிலும் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிக்கு லண்டன் பெண் மீது உரிமை எதுவும் இல்லை. மிர்பூரில் நம் அத்தை மகன், மாமன் மகள் உறவைப் போல, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்குள்ளும் கொடுத்து வாங்குவது வழக்கம். ஊரில் இருக்கும் சகோதரன் தன் மகனுக்குப் பெண் கேட்டால் மறுப்பது கஷ்டம். அந்தச் சகோதரன்தான் இவருடைய நிலத்தைப் பார்த்துக்கொண்டவன், பயணச் செலவுக்குக் கடன் கொடுத்தவன். அதனால் அடுத்த தலைமுறைக் கல்யாணத்திலும் ஒருவர் ஊரிலிருந்தே வந்தார். வீட்டில் ஆங்கிலம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. இதுவும் மாறாத வழக்கம் அல்ல. 2007 முதல் பிராட்போர்டில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, உறவுக்குள் மணப்பது அங்கே குறைந்துவருவதைக் காட்டியிருக்கிறது.

மதம்தான் காரணம் என்று இன்னும் நினைப்பவர்கள் வங்காளதேசத்தவரைப் பார்க்க வேண்டும். சில்ஹெட் மாவட்டத்து முஸ்லிம்கள். மிர்பூர்க்காரர்களைவிட ஏழைகள், குடும்பங்கள் வந்ததும் இன்னும் தாமதமாக. அவர்கள் குவிந்த இடம் கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ். 1998-இல் நாட்டின் 149 கல்வி மாவட்டங்களில் பள்ளித் தேர்ச்சியில் அதற்கு 149-ஆவது இடம். பதினைந்து ஆண்டுகளுக்குள் அது தேசியச் சராசரியைத் தாண்டியது. வங்காளதேச வம்சாவளிப் பிள்ளைகள் பதினாறு வயதுத் தேர்வில் வெள்ளைப் பிரித்தானியப் பிள்ளைகளையும் பாகிஸ்தான் வம்சாவளிப் பிள்ளைகளையும் முந்தினார்கள். மதம் மாறவில்லை, பெற்றோரின் படிப்பும் கூடிவிடவில்லை. லண்டன் பள்ளிகளுக்குப் பணம் வந்தது, நல்ல ஆசிரியர்கள் வந்தார்கள், நகராட்சி விடாப்பிடியாக வேலை செய்தது. நடந்துபோகும் தூரத்தில் வங்கிகளும் அலுவலகங்களும் இருந்தன. பிராட்போர்டுப் பிள்ளைக்கு அந்தத் தூரத்தில் இருந்தது மூடிய ஆலை.

முதலில் சொன்ன நடு எண்ணுக்குள் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அந்த 13.47 பவுண்டில் உகாண்டா குஜராத்தி மட்டும் இல்லை. 1990-களுக்குப் பிறகு விசா அதிகாரிகள் பட்டத்தைப் பார்த்துச் சலித்து எடுத்த மென்பொருள் பொறியாளரும் மருத்துவரும் அதில் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து போனவர்களும்தான். சலித்து எடுத்தவர்களின் சம்பளத்தைக் காட்டி ஒரு சமூகத்தின் குணம் இது என்பது நியாயமில்லை. அதே லெஸ்டரில் டாமன், டையூவிலிருந்து போர்ச்சுகல் பாஸ்போர்ட்டோடு வந்த குஜராத்திகள் இருக்கிறார்கள். பேசுவது அதே மொழி. ஆனால் அவர்களில் பலருக்கு வாய்த்தது தையல் பட்டறை வேலை. சட்டக் கூலியில் பாதிகூடத் தராத பட்டறைகள் அந்த ஊரில் இருந்தது 2020-இல் நாடு முழுவதும் பேச்சானது. இலங்கைத் தமிழரிலும் இப்படித்தான்: முதலில் போனவர்கள் மருத்துவர்கள், பொறியாளர்கள், மாணவர்கள், 1983-க்குப் பின் போனவர்கள் அகதிகள், பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். இவர்கள் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு சராசரி எடுத்தால் அது யாரைக் குறிக்கும்?

மிர்பூர் வழிவந்த மூன்றாம் தலைமுறை இன்று வேகமாகப் படிக்கிறது. பாகிஸ்தான் வம்சாவளிப் பிள்ளைகள் வெள்ளைப் பிரித்தானியப் பிள்ளைகளைவிட அதிக விகிதத்தில் பல்கலைக்கழகம் போகிறார்கள்; அவர்களில் பலருடைய பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்படிப் படித்தும் சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை. ஆக்ஸ்போர்டின் நஃபீல்டு கல்லூரி ஆய்வாளர்கள் 2016, 2017-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பெயரும் பூர்வீகமும் மட்டும் வேறு என்று ஆயிரக்கணக்கான வேலை விண்ணப்பங்களை முதலாளிகளுக்கு அனுப்பிப் பதிலை எண்ணினார்கள். வெள்ளைப் பிரித்தானியருக்குக் கிடைத்த அதே அளவு நல்ல பதில் பாகிஸ்தான் வம்சாவளியினருக்குக் கிடைக்க 70 சதவீதம் அதிக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பங்களில் எல்லோரும் பிரிட்டனிலேயே படித்தவர்கள், எல்லோருக்கும் ஆங்கிலம் ஒன்றே. மானாவாரி நிலத்தையோ இரவு ஷிஃப்டையோ காரணம் காட்ட இங்கே வழியில்லை. பதில் சொல்ல வேண்டியவர் விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்த முதலாளி.