குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாமல் போனது ஏன்?

கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி, பெங்களூர் பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை கூடும். காளை கோவில் தெரு நெடுக மலை மலையாகக் கடலைக்காய் குவிந்து கிடக்கும். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு, "வேர்க்கடலை ஆளைக் கொல்லும்" என்று யாராவது சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள்.

லண்டனிலும் நியூயார்க்கிலும் சிரிக்க மாட்டார்கள். அங்கே துளி வேர்க்கடலை கலந்த பிஸ்கோத்தைத் தின்றுவிட்டு, உதடு வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படும் பிள்ளைகள் உண்டு. சிலர் பிழைப்பதில்லை. வேர்க்கடலையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தடை போட்ட பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1997-ல் எடுத்த கணக்கின்படி, ஆயிரம் குழந்தைகளில் 4 பேருக்கு இந்த ஒவ்வாமை, அதாவது அலர்ஜி, இருந்தது. 2008-ல் அது 14 ஆகிவிட்டது. பதினோரு ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல்!

"பொத்திப் பொத்தி வளர்த்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. ஆனால் வேர்க்கடலை விஷயத்தில் அவர்கள் சொன்னது ஏறக்குறைய அப்படியே நிரூபணமாகியிருக்கிறது.

டாக்டர்களின் எச்சரிக்கை

அலர்ஜி உள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைக்கு மூன்று வயது வரை வேர்க்கடலையைக் காட்டவே கூடாது என்று பிரிட்டிஷ் அரசு 1998-ல் யோசனை கூறியது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும்கூட அதைத் தவிர்ப்பது நல்லது என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2000-ல் இதே வழியைப் பின்பற்றியது. ஆபத்தான பொருளை எட்ட வைத்தால் ஆபத்து குறையும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பெற்றோர்களும் பயபக்தியோடு கீழ்ப்படிந்தார்கள். அலர்ஜியோ குறையவில்லை.

லண்டனில் பணியாற்றும் குழந்தை அலர்ஜி நிபுணர் கிடியன் லாக், ஒருமுறை இஸ்ரேலில் டாக்டர்கள் கூட்டத்தில் பேசினார். "வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தையைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று கேட்டார். இங்கிலாந்தில் கேட்டால் அநேகமாக எல்லாக் கைகளும் உயரும். அங்கே உயர்ந்தவை இரண்டு மூன்று கைகள்தான்!

காரணம் கடைத் தெருவில் இருந்தது. இஸ்ரேலில் 'பாம்பா' என்று ஒரு தின்பண்டம். சோளப் பொரியில் வேர்க்கடலை விழுதைச் சேர்த்துச் செய்வது. வாயில் போட்டால் கரைந்துவிடும். பல் முளைக்கும் வயதிலேயே குழந்தைகள் கையில் அது இருக்கும். லாக்கும் அவருடைய சகாக்களும் இரு நாடுகளிலும் உள்ள யூதப் பிள்ளைகள் பத்தாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒரே வம்சாவளி. ஆனால் பிரிட்டனில் 1.85 சதவீதம் பேருக்கு அலர்ஜி, இஸ்ரேலில் 0.17 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்.

அடுத்து ஒரு துணிச்சலான சோதனை நடந்தது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையான 640 சிசுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்கு வாரம் மூன்று வேளையாவது வேர்க்கடலை உணவு. மறுபாதிக்கு ஐந்து வயது வரை அறவே கிடையாது. 2015-ல் முடிவு வந்தது. தோல் சோதனையில் ஆரம்பத்தில் எதுவும் தெரியாத குழந்தைகளில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு அலர்ஜி வந்திருந்தது. சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்தான். இரண்டே ஆண்டுகளில், 2017-ல், அமெரிக்காவின் யோசனை தலைகீழாக மாறிவிட்டது!

வாசல் வழியா, சுவர் வழியா?

வாயால் தின்னாத குழந்தைக்கு அலர்ஜி எப்படி வந்தது? மற்றவர்கள் தின்னும் வேர்க்கடலையின் தூசி வீடெங்கும் இருக்கும். கரப்பானால் வெடித்த தோல் வழியே அது உள்ளே போகிறது. தோலில் தடவும் சில களிம்புகளில் கடலை எண்ணெயே இருந்தது. வாசல் வழியாக வருகிறவனை விருந்தாளி என்கிறோம்; சுவரேறிக் குதிப்பவனைத் திருடன் என்கிறோம். குடல் வழியாக முதலில் வந்தால் உடம்பு அதை உணவென்று பழகிக்கொள்கிறது. தோல் வழியாக முதலில் வந்தால் பகையென்று குறித்து வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் குழந்தையை அழுக்கிலே விட்டுவிடலாமா? அண்ணன் அக்காள் நிறைய உள்ள பிள்ளைகளுக்குப் பூந்தூள் காய்ச்சல் குறைவு என்று 1989-ல் டேவிட் ஸ்ட்ராகன் பிரிட்டனில் கண்டறிந்தது உண்மை. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வளரும் அமெரிக்க ஆமிஷ் பிள்ளைகளில் 5 சதவீதம் பேருக்கே ஆஸ்துமா. யந்திரப் பண்ணை வைத்திருக்கும் ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதம் என்று 2016-ல் தெரிய வந்ததும் உண்மை. ஆனால் தொழுவத்து மண் வேறு, சாக்கடை கலந்த குடிநீர் வேறு. டைபாய்டும் வயிற்றுப்போக்கும் யாரையும் பலசாலியாக்கியதில்லை. தட்டம்மை வந்தால் உடம்பு தேறிவிடும் என்ற பேச்சு இன்னும் மோசம். அந்த நோய் கண்ட குழந்தைகள், அதுவரை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்துவிட்டதை 2019-ல் விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள். கை கழுவுவதையும் தடுப்பூசியையும் கைவிட ஒரு நியாயமும் இல்லை.

வேர்க்கடலைக்கு வருவோம். ஆறு மாதம் ஆகி, மற்ற உணவு தின்னத் தொடங்கிய குழந்தைக்கு, வறுத்த கடலையை மை போல அரைத்துக் கஞ்சியிலோ கூழிலோ கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். இதற்கு வெளிநாட்டுப் பண்டம் தேவையில்லை. ஒருநாள் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல் வாராவாரம் தொடர வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தையை மட்டும் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். முழுக் கடலையையோ உடைத்த பருப்பையோ ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. அலர்ஜி இல்லாத குழந்தைக்கும் அது தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும்.