கிராமத்து வண்டிக்குப் புதுமை வேண்டுமா?

2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த மகிந்திரா பொலிரோ வண்டியை நவீனமாக்க வேண்டுமென்று சிலர் கூறுகின்றனர். அதனைத் தொடவே கூடாதென்பது வேறு சிலர் அபிப்பிராயம். கரடுமுரடான வழிகளில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வோருக்கு இது முக்கியமான கேள்வியாதலால், இதனைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வண்டியின் வலிமை அதன் எளிய அமைப்பில் உள்ளது. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மீது உடற்கூடு தனியே பொருத்தப்பட்டுள்ளது. பின்புறப் பாரத்தை ஸ்பிரிங் பட்டைகள் தாங்குகின்றன. குலுக்கல் மிகுதிதான், ஆயினும் சுமைக்கு அவை அஞ்சுவதில்லை. பட்டை முறிந்தால் சிற்றூர்ப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம்.

எனினும், பழமை அனைத்தும் நன்மையன்று. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி நடப்புக்கு வந்தது. இவ்விதிக்கேற்ப எஞ்சினில் மின்னணுக் கருவிகள் பெருகின. அவற்றின் பழுதை அறியக் கணிப்பொறிச் சாதனம் தேவை. அஃது எல்லாப் பட்டறைகளிலும் இராது. இத்தொல்லை உண்மையே. ஆனால் உயிரையும் காற்றையும் காப்பவற்றை ஆடம்பரமென்று தள்ளலாகாது.

ஆகவே, நாம் கூறுவது இதுவே: நல்ல பிரேக்கும் காற்றுப்பையும் வரட்டும், சட்டமும் பட்டையும் நிலைக்கட்டும், தொடுதிரையும் அலங்காரமும் இல்லாமற் போனால் நட்டமில்லை. கடன் பெற்று வண்டி வாங்கும் அங்கத்தினர்கள், அதனைப் பழுது பார்ப்பவர் எத்தனை மைலுக்கு அப்பால் உள்ளார் என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை அன்றோ!