டாக்டர் வேலை எது, சிஸ்டர் வேலை எது? அரவிந்த் கண் மருத்துவமனை சொல்லித்தரும் ஆபீஸ் பாடம்!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், தவளக்குப்பத்தில் இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. 2003-ல் தொடங்கப்பட்டது. கண்புரையோடு அங்கே வரும் ஒரு பாட்டியைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். பெயர் பதிவது, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி பார்வையைச் சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது என முதல்கட்ட வேலைகள் பெரும்பாலும் சிஸ்டர்கள் கையில். டாக்டர் அதற்குப் பிறகுதான்.

'டாக்டரே எல்லாம் பார்த்தால்தானே நல்லது?' என்று தோன்றும். பல ஆபீஸ்களில் மேனேஜர்கள் நினைப்பதும் இதைத்தான். எல்லா மெயிலும் தன் வழியாகப் போக வேண்டும், எல்லா ஃபைலும் தன் மேஜைக்கு வர வேண்டும். கடைசியில் வேலை அந்த மேஜையிலேயே தேங்கிவிடும்.

விரல்கள் மடங்கியவர் போட்ட கணக்கு

அரவிந்தைத் தொடங்கியவர் டாக்டர் ஜி.வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கி, கை விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண் அறுவை சிகிச்சை கற்றார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகள் செய்தார்.

1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மதுரையில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கினார். புதுச்சேரி ஸ்ரீஅரவிந்தர் மீது கொண்ட பற்றால் அவர் பெயரையே வைத்தார்.

அவர் முன்னால் இருந்த சிக்கல் இது: கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஏராளம், கண் டாக்டர்களோ குறைவு. டாக்டர்களை ஒரே நாளில் உருவாக்க முடியாது. ஆனால், இருக்கும் டாக்டரின் நேரத்தை மிச்சப்படுத்தலாம். எந்த ஊர்க் கிளையிலும் ஒரே மாதிரி வேலை நடக்கும் மெக்டொனால்ட்ஸைப் பார்த்து, 'கண் சிகிச்சையிலும் இது ஏன் முடியாது?' என்று யோசித்தார்.

ஒரு டாக்டர், இரண்டு மேஜைகள்

அரவிந்தின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே, அடுத்த நோயாளியை இன்னொன்றில் சிஸ்டர்கள் தயார் செய்துவிடுவார்கள். முதல் சிகிச்சை முடிந்ததும், டாக்டர் மைக்ராஸ்கோப்பை அடுத்த மேஜைக்குத் திருப்பினால் போதும்.

இந்த சிஸ்டர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். மருத்துவமனையே அவர்களைத் தேர்வு செய்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறது. ஒவ்வொருவருக்கும் தன் வேலை எது, அது எங்கே முடிகிறது என்று தெரியும். அதனால் டாக்டர் நின்று விளக்க வேண்டியதில்லை. சிஸ்டரும் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

வேலையைத் தள்ளிவிடுவதும் பிரித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. பயிற்சியும் பொறுப்பும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது பிரித்துக் கொடுப்பது.

புரியும்படி சொல்ல ஓர் ஆள்

ஆபரேஷன் என்றதும் பாட்டிக்கு பயம் வரும். 'வலிக்குமா? எவ்வளவு செலவாகும்? எப்போது அடுப்படிக்குப் போகலாம்?' இதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்ல, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தனியாக இருக்கிறார்கள். பேசுவதும் இங்கே ஒரு வேலைதான்; 'நேரம் கிடைத்தால் சொல்லலாம்' என்று விட்டுவைக்கும் விஷயமல்ல. டீமுக்கு ஒரு முடிவைச் சொல்லும்போது, 'ஏன்' என்பதையும் சேர்த்துச் சொல்ல நேரம் ஒதுக்குகிற தலைவர்கள் எத்தனை பேர்?

மறைக்காமல் எழுதுவது

'இவ்வளவு வேகமாகச் செய்தால் தரம் என்ன ஆகும்?' நியாயமான கேள்வி. சிகிச்சையில் ஏற்படும் சிக்கல்களைப் பதிவு செய்து, எங்கே பிசகியது என்று அலசுவது அரவிந்தின் வழக்கம். திட்டு விழும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் தன் தவறை எழுத மாட்டார்கள். எழுதாத தவறு மறுபடியும் நடக்கும். ஆபீஸில் அதனால் கெடுவது ஒரு புராஜெக்ட். இங்கே ஒருவரின் கண்.

நம் ஆபீஸுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. கண்புரை சிகிச்சையில் ஒவ்வொரு படியும் முன்கூட்டியே தெரியும். சாஃப்ட்வேர் எழுதுவதிலோ, விளம்பரம் யோசிப்பதிலோ அடுத்த படி எது என்பதே பல நேரம் தெரியாது. ஆனாலும் ஒரு கேள்வியை எந்த டீம் லீடரும் நாளைக் காலையே கேட்டுப் பார்க்கலாம்: 'இன்று நான் செய்யும் வேலைகளில், நான் மட்டுமே செய்யக்கூடியது எது?'

மற்றதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, நம்பி ஒப்படைக்கலாம். டாக்டர் வெங்கடசாமி 2006-ல் மறைந்தார். அவர் இல்லாமலும் தவளக்குப்பத்தில் தினமும் பாட்டிகளின் கண்கட்டு அவிழ்க்கப்படுகிறது.