பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தால் ஏன் தூக்கம் வருகிறது?

பென்னலூர்ப் பக்கம் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் பெண்ணுக்கு உடம்பு அசந்திருக்கும், கண் மூடாது. தனிமை நீடித்தால் மூளை காவல்காரன்போல விழித்தே கிடக்கும்; தூக்கம் துண்டுதுண்டாகும்.

2006இல் உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர், மணமான 16 பெண்களுக்கு லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று சொல்லிவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது அச்சத்தில் துடிக்கும் பகுதிகள் நன்றாகவே அடங்கின. முன்பின் தெரியாதவர் பிடித்தபோதும் ஓரளவு அடங்கின. அந்நியர் கைக்கே இவ்வளவு! அப்படியென்றால் பக்கத்துக் கட்டிலில் தோழி இருந்தால் மூளைக் காவல்காரன் கொஞ்சம் கண்ணயர மாட்டானா?

பென்னலூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறந்தார்கள். கட்டிலுக்குக் குறையில்லை. ஆனால் எந்த விடுதியானாலும், நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போது அறைத்தோழி ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் என்ன துணை? ஷிப்ட் போடுகிறவர்களே, ஓர் அறைக்கு ஒரே ஷிப்டாகப் போடுங்கள்.