விலை 2,300 வெள்ளி, சாலைக்கு வர 13,000 வெள்ளி

தமிழ்நாட்டின் ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி 200 மோட்டார்சைக்கிளின் விலை அங்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். நம் பணத்தில் கிட்டத்தட்ட 2,300 வெள்ளி. துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து நான் சேர்த்து வைத்திருப்பது 6,000 வெள்ளி. “அங்க எதுக்கும்மா அவ்வளவு கொடுக்கணும்? இங்கேயே வாங்கிக் கப்பல்ல அனுப்பி விடறேன்,” என்றார் ஓசூரில் இருக்கும் என் சித்தப்பா.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வகுப்பு 2பி உரிமம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் 200சிசி வரையிலான வண்டிகளை ஓட்டலாம். இந்த வண்டி அதற்குள் அடங்குகிறது. இந்தியாவிலும் இடப்பக்கமே வண்டி ஓட்டுவதால் முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காது. அங்கு விற்கும் வண்டிகளில், பின்னால் அமர்பவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு தடுப்பும் இருக்கும். அது அந்நாட்டுச் சட்டம். என் அம்மாவுக்குப் பிடித்த அம்சம் அதுதான்.

தனியொருவர் இங்கு மோட்டார்சைக்கிளை இறக்குமதி செய்யத் தடையில்லை. ஆனால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில், சுங்கத்துறை வண்டியின் வெளிச்சந்தை மதிப்பைக் கணக்கிடும். அதில் வாங்கிய விலையோடு கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேரும். அது 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மோட்டார்சைக்கிளுக்கான 12 விழுக்காட்டு வரி 360 வெள்ளி. இவ்விரண்டின் கூட்டுத்தொகை மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரி, சுமார் 302 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணம் 15 விழுக்காடு, அதாவது 450 வெள்ளி. இதுவரை 4,112 வெள்ளி. என் சேமிப்புக்குள் அடங்கும் தொகைதான்.

அடுத்து சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ். 2022ல் மோட்டார்சைக்கிள்களுக்கான சிஓஇ 12,000 வெள்ளியையும் தாண்டியது. 9,000 வெள்ளி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 13,000 வெள்ளிக்கு மேல் போய்விடுகிறது. வண்டியைவிட அதை ஓட்டும் உரிமை மும்மடங்கு விலை!

தரச் சான்றும் வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிமுறை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர், மோட்டார்சைக்கிள்களுக்கு யூரோ 4 தரத்தைக் கேட்கிறது. வண்டி குறைவாகப் புகை கக்கினால் மட்டும் போதாது. நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்கும் சான்றைக் காட்ட வேண்டும். நூறு வண்டி இறக்கும் விற்பனையாளர் அந்தச் செலவை நூறாகப் பிரித்துக்கொள்வார். நான் ஒரே வண்டியின் தலையில் கட்ட வேண்டும்.

“ஜோகூரில் வாங்கிக் கடற்பாலம் வழியாக ஓட்டி வந்துவிடு,” என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான வாகனத்தை இங்கு வைத்திருக்கவோ ஓட்டவோ கூடாது. அந்த வழி அடைபட்டதே.

சாலையில் இடம் குறைவு, கட்டுப்பாடு தேவை என்பதை நான் ஏற்கிறேன். 2017ல் கூடுதல் பதிவுக் கட்டணத்தை அரசாங்கம் படிப்படியாக உயரும்படி மாற்றியது: முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000க்கு 50, அதற்கு மேல் 100. ஆகவே 15,000 வெள்ளி மதிப்புள்ள வண்டிக்கு அக்கட்டணம் 8,250 வெள்ளி. இது நியாயமாகப் படுகிறது. ஆனால் சிஓஇ வண்டியின் மதிப்பைப் பார்ப்பதில்லை. வார இறுதியில் உல்லாசமாக ஓட்டுபவரும், உணவு விநியோகித்துக் குடும்பம் நடத்துபவரும் ஒரே ஏலத்தில்தான் நிற்கிறார்கள். மலிவான வண்டி தேடுபவருக்கே அது அதிகம் வலிக்கிறது.

வண்டி வாங்க நினைக்கும் நண்பர்களே, விலைச்சீட்டை விட்டுவிட்டு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாண்டுகளுக்கு 9,000 வெள்ளி என்றால் சிஓஇக்கு மட்டும் மாதம் 75 வெள்ளி. நான்கு ஆண்டு சிஓஇ மீதமுள்ள பழைய வண்டியில் அந்தப் பங்கு 3,600 வெள்ளி. மிச்சமிருக்கும் 2,400 வெள்ளியில் வண்டியின் விலை, காப்புறுதி, நல்ல தலைக்கவசம் எல்லாம் அடங்க வேண்டும். இறுக்கமான கணக்குதான், ஆனால் கடன் வாங்கத் தேவையில்லை.

சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கை அப்படியே அனுப்பினேன். “சான்றிதழுக்கா ஆறு லட்சம்?” என்று உடனே அழைத்துக் கேட்டார். இந்த வாரம் முதல், நான்கு ஆண்டு மீதமுள்ள வண்டிகளைத் தேடத் தொடங்கியிருக்கிறேன்.